கோச்சியில் சொன்ன கதை



இந்த வார எபிசோட்டில் சொந்தமாக ஒரு பயணத் தளம் தொடங்குவது பற்றிக் கதைச்சோம். டொமைன், ஸ்டேடிக் சைட், ஆர்எஸ்எஸ் என்று நாற்பது நிமிஷம் போச்சு. கடைசியில், "என்ர தளத்தில நான் ஒரு பெரிய பிழை விட்டனான், அதை நியூஸ்லெட்டரில எழுதுறன்" என்று சொல்லித் தப்பிச்சேன். மைக்குக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், ஏன் தொடங்கினேன் என்று சொல்ல வேணும். வேலையிடத்தில் ஒருத்தி, ஹாலிஃபாக்ஸ்காரி, சும்மா கேட்டாள்: நீ கனடாவில் எங்கெல்லாம் போயிருக்கிறாய்? நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். யாழ்ப்பாணம் மூன்று தரம். சென்னை இரண்டு தரம். லண்டன், பாரிஸ், சூரிச், எல்லாம் கல்யாணவீட்டுக்கு. கனடாவுக்குள்? நயாகரா. வெளியில் இருந்து ஆர் வந்தாலும் வானில் ஏற்றி நயாகரா. பதினொரு தரமோ பன்னிரண்டு தரமோ, எண்ணிக்கை தெரியாது. அங்கே எந்தப் பார்க்கிங் மலிவு என்று மட்டும் தெரியும். பரப்பளவில் உலகத்திலேயே இரண்டாவது பெரிய நாட்டில் பிறந்து வளர்ந்து, நான் பார்த்தது ஸ்காபரோவில் இருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போகிற தூரம்.

அப்பாவின் கணக்கு அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. 1988-இல் வந்தவர். மொன்றியல் போயிருக்கிறார், செத்தவீட்டுக்கும் கல்யாணத்துக்கும். ஒட்டாவா போயிருக்கிறார், 2009 ஏப்ரலில், பஸ் பிடித்து, பார்லிமென்ட் முன்னால் நிற்க. அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் இரவு ஷிஃப்ட் வேலை. "ஊர் பார்க்கிறதுக்கு எங்க நேரம்" என்பார். பென்ஷன் எடுத்த பிறகும் அதையேதான் சொன்னார்.

அதனால் ஒரு விதி வைத்தேன். கனடாவுக்குள் மட்டும். முடிந்தால் கார் இல்லாமல். ஒவ்வொரு பயணமும் தமிழில் ஒன்று, இங்கிலிஷில் ஒன்று. தமிழ் அப்பாவுக்கும் மாமிமாருக்கும், இங்கிலிஷ் கசின்மாருக்கு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிறகு நான் தமிழில் நாலு பந்தி சேர்ந்தாற்போல எழுதினது இதுதான் முதல் தரம். குரலால் தட்டச்சு செய்து பார்த்தேன். "கதைச்சனான்" என்று நான் சொன்னால் போன் அதை வேறு ஏதோவாக எழுதும். எங்கட தமிழ் அதுக்கு விளங்கேல்லை. பிறகு விரலால்தான்.

டொமைன் வாங்கின கதையை எபிசோட்டில் அவசரமாகச் சொன்னேன், இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன். டாட் சிஏ முகவரி எல்லாருக்கும் கொடுக்கமாட்டார்கள். கனடாவோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று ஒரு பட்டியலில் தெரிந்து காட்ட வேணும். குடியுரிமை உள்ளவர், நிரந்தர வதிவாளர், கம்பனி, தொழிற்சங்கம், நூலகம், பழங்குடி மக்கள் என்று நீளமாகப் போகும். மன்னர்கூட அந்தப் பட்டியலில் ஒரு வகை. நான் "குடியுரிமை உள்ளவர்" என்பதை அமத்திவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். பிறந்ததில் இருந்து இந்த நாட்டுக்காரிதான். ஆனால் அதை நானாகத் தேடிப் போய் அமத்தினது அன்றைக்குத்தான். தனி ஆட்கள் பதிந்தால் பேரும் விலாசமும் பொதுப் பதிவேட்டில் தெரியாமல் மறைத்துவைப்பார்கள், அது தானாகவே நடக்கும். இதை ஞாபகம் வைத்திருங்கோ, பின்னுக்கு வரும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம், தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு. ஒன்று: பக்கத்தின் முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். பிரவுசரில் வடிவாகத்தான் தெரியும். நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் கதை வேறு. "தமிழ்" என்பது எங்களுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8-இல் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட், மொத்தம் 15. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும், 45. ஒரு சொல்லுக்கே இவ்வளவு. என் முதல் லிங்கைப் பார்த்த மாமி, வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டா. முகவரியை ஆங்கில எழுத்திலேயே வைத்து, தலைப்பைத் தமிழில் வையுங்கோ. மற்றது, வரிகளுக்கு இடையில் கூட இடம் விடுங்கோ. எங்கட எழுத்துக்கு மேலே விசிறி, கீழே வால் எல்லாம் இருக்கு. ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளி தமிழுக்கு மூச்சு முட்டும்.

சரி, பயணம்.

ஒன்டாரியோவில் சட்பரியில் இருந்து வைட் ரிவர் வரைக்கும் வியா ரெயிலின் ஒரு ரயில் ஓடுகிறது. 484 கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள் போகும், அடுத்த நாள் திரும்பும். 1950-களில் செய்த பட் கார் என்கிற வெள்ளிநிறப் பெட்டிகள். தனியாக எஞ்சின் கிடையாது, பெட்டிக்கு அடியிலேயே டீசல் எஞ்சின்கள் இருக்கு. இந்த ரயிலின் விசேஷம், அது எங்கேயும் நிற்கும். ரோட்டே போகாத ஏரிக்கரையில் ஒருத்தர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஏற்றிக்கொள்ளும். கனூவை ஏற்றும், கூலரை ஏற்றும், நாயை ஏற்றும். ரொறன்ரோவில் டிடிசி பஸ் எங்களைப் பார்த்துக்கொண்டே கதவை மூடிக்கொண்டு போறதுக்குப் பழகின ஆட்களுக்கு இது ஒரு அதிசயம்.

அப்பாவைக் கேட்டேன். அம்மா கால் நோகும் என்று வரமாட்டேன் என்றா. அப்பா, "கோச்சியோ? எவ்வளவு நேரம்?" என்றார். பகல் முழுக்க என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாழ்தேவிக்குப் பிறகு அப்பிடி இருந்து போகேல்லை" என்றார். அதுதான் ஓம் என்றதுக்கு அடையாளம். வடபகுதி ரயில் பாதை 1990-இல் அறுந்துபோய், யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். நாங்கள் 2016-இல் ஊருக்குப் போனபோது நேரமில்லை என்று வானில்தான் போனோம். அப்பா அதைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இல்லை. அம்மா றோல்ஸும் கட்லட்டும் கட்டித் தந்தா. பக்கத்துச் சீட்டில் மீன்பிடிக்கப் போகிற இரண்டு கிழவர்கள். கார்ட்டியர் தாண்டுவதற்குள் அவர்கள் ஆளுக்கு இரண்டு கட்லட் சாப்பிட்டாச்சு, அப்பா அவர்களுக்கு உறைப்பு கூடிப்போச்சோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே காடு, பாறை, ஏரி. திரும்பக் காடு. போனில் சிக்னல் இல்லை. எனக்கு அது முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

பிஸ்கோட்டாசிங் என்று ஒரு சின்ன இடம் வரும், ஏரிக்கரையில் சில வீடுகள். அங்கே ஒரு காலத்தில் ஆர்ச்சி பெலேனி என்று ஒருத்தர் வனக் காவலராக வேலை செய்தார். இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸில் 1888-இல் பிறந்தவர். 1906-இல் கனடா வந்து, காட்டில் வாழ்ந்து, பிறகு கிரே அவுல் என்று பேரை மாற்றி, தான் பழங்குடி ஆள் என்று சொல்லி, 1930-களில் காட்டையும் பீவரையும் பற்றிப் புத்தகம் எழுதி உலகம் முழுக்கப் பேர் எடுத்தார். 1938 ஏப்ரலில் செத்த பிறகுதான் அவர் இங்கிலிஷ்காரர் என்று வெளியில் வந்தது. வெளியிட்டது நோர்த் பே நகெட் என்ற பேப்பர். அவர்களுக்கு விஷயம் மூன்று வருஷமாகத் தெரியும். ஆள் உயிரோடு இருக்கும்வரை லாச்சிக்குள் வைத்திருந்தார்கள்.

நான் இதையெல்லாம் முதலே போனில் இறக்கி வைத்திருந்தேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சிரித்தார். "பேரை மாத்தினவன் அவன் மட்டுமே?" என்றார்.

அதுக்குப் பிறகு சாப்லோ வரைக்கும் அப்பா கதைச்சார். எப்படி வந்தவர், எந்த வழியால், ஆரோடு, எந்தப் பேரில், எந்த இரவு. எனக்கு அப்போது இருபத்தியெட்டு வயது. இந்த இருபத்தியெட்டு வருஷத்தில் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அவர் சொன்னது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று விளங்கும்.

வைட் ரிவரைப் பற்றிச் சுருக்கமாக. வின்னி த பூ கதையின் கரடிக்குட்டியை, 1914-இல் ஹாரி கோல்போர்ன் என்ற இராணுவ மிருக வைத்தியர் 20 டொலருக்கு வாங்கினது இந்த ஊரில்தான். சிலை இருக்கு, படம் எடுத்தோம். கனடாவிலேயே குளிர் கூடின இடம் என்று பெரிய தேமாமீட்டர் போர்டும் இருக்கு. அது உண்மையில்லை, அதிகாரபூர்வப் பதிவு யூகோனில் ஸ்னாக் என்ற இடத்துக்கு, 1947 பெப்ரவரியில் மைனஸ் 63 செல்சியஸ். அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "விடு, அவங்களும் ஏதோ ஒண்டைச் சொல்லத்தானே வேணும்" என்றார். மோட்டலில் படுத்து, விடியத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து இரண்டு இரவில் எழுதி முடிச்சேன். நான் எழுதினதிலேயே அதுதான் நல்லது என்று நினைச்சேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் பிரச்சினை. அப்பாவின் பேரைப் போடவில்லை, "அப்பா" என்று மட்டும்தான். சில இடங்களை மங்கலாக்கினேன். கவனமாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொன்னேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இதை எழுத இவ்வளவு நேரம் எடுத்தது.

இரவு எட்டு மணிக்குப் போட்டேன். மின்னஞ்சலில் பதிந்த 41 பேருக்குத் தானாகப் போச்சு. பத்தரைக்கு அப்பா என் அறைக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, லண்டன் மாமி எடுத்தவ. நீ ஏதோ எழுதியிருக்கிறியாம்."

லண்டனில் அப்போது விடிய மூன்றரை மணி. மாமி நித்திரை கொள்ளாமல் இருந்து வாசித்திருக்கிறா.

"வடிவா இருக்காம். வாசிச்சு அழுதவவாம்," என்றார். பிறகு, "அதுக்குள்ள என்ர பேர் இருக்கோ?"

"இல்லை அப்பா. அப்பா எண்டுதான் போட்டனான்."

"எழுதினது ஆர் எண்டு போட்டிருக்கோ?"

"ஓம்."

"உன்ர பேருக்குப் பின்னால நிக்கிறது ஆர்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேரைப்போல என் கடைசிப் பேர் அப்பாவின் பேர்தான். குடும்பப் பேர் இல்லை, அவருடைய சொந்தப் பேர். வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி தன் பேரில் எழுதினால் அது ஆயிரம் குடும்பத்துக்குப் பொதுவான ஒரு பேர். நான் என் பேரைப் போட்டாலே அப்பாவின் பேரைத் தலைப்புக்குக் கீழே போட்டமாதிரி. பதிவேட்டில் பேரும் விலாசமும் மறைந்திருப்பதைப் பெருமையாகச் சொன்னேனே, பக்கத்தின் முதல் வரியிலேயே அதை நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

அப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. "அதில நான் மட்டும் இல்லைப் பிள்ளை. இன்னும் ரெண்டு பேர் இருக்கினம். அவையளிட்டக் கேட்டனியோ?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "எடுக்கலாமோ?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். போய்ப் படுத்துவிட்டார்.

எடுக்கலாம் என்று சொல்வது லேசு. இனி டெக்னிக்கல் பகுதி. இதுக்காகத்தான் இதை நியூஸ்லெட்டரில் எழுதுகிறேன், கேட்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப்போலவே தளம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கோப்பை அழித்து, தளத்தைத் திரும்பக் கட்டி ஏற்ற நாலு நிமிஷம். பக்கம் போச்சு. ஆனால் என் தளத்தின் மூலக் கோப்புகள் எல்லாம் கிட் ரெப்போ ஒன்றில் இருந்தன, இலவசத் திட்டம், ஆரும் பார்க்கலாம். கிட் என்பதே பழையதை மறக்காமல் இருக்கச் செய்த கருவி. நான் அழித்தது இன்றைய நிலையில் மட்டும்தான் அழிந்தது. நேற்றைய கமிட்டில் அந்தக் கட்டுரை வரிக்கு வரி அப்படியே இருந்தது. அதோடு, அதுக்கு முந்தின நாள் "டிராஃப்ட்" என்று குறித்து வைத்த முதல் வடிவமும். அதில் நான் பிறகு மங்கலாக்கின இடங்கள் எல்லாம் மங்கலாக்காமல் இருந்தன. இதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. டிராஃப்ட் என்று குறித்தால் தளத்தில் வராது, அவ்வளவுதான். ரெப்போ திறந்திருந்தால் டிராஃப்டும் திறந்துதான் இருக்கு.

ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியை வைத்து வரலாற்றில் இருந்து அந்தக் கோப்பை வெட்டி எடுத்து, ஃபோர்ஸ் புஷ் செய்தேன். அதோடும் முடியவில்லை. பழைய கமிட்டின் நீண்ட எண் தெரிந்தால் சில நேரம் அதை இன்னும் திறந்து பார்க்கலாம், ஹோஸ்ட் செய்கிறவர்கள் குப்பை கூட்டும்வரை. ஆராவது ஃபோர்க் எடுத்திருந்தால் அவர்களிடம் இருக்கும். கடைசியில் முழு ரெப்போவையும் அழித்து, வரலாறே இல்லாமல் புதுசாகத் தொடங்கினேன். இப்போது எழுதுகிறது வேறு ஃபோல்டரில், என் லாப்டொப்பில் மட்டும். முடிந்த பிறகுதான் ரெப்போவுக்குள் போகும்.

வேபேக் மெஷினைப் பார்த்தேன். அந்தப் பக்கம் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால் தளத்தின் சொந்தக்காரர் எழுதிக் கேட்கலாம். எனக்கு அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை. ஆர்எஸ்எஸ் ரீடர்கள் தங்களுடைய நகலை வைத்திருக்கும், அவற்றைத் தொட முடியாது. மின்னஞ்சல் 41 பேரிடம் இருக்கு. அதைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன், தயவுசெய்து அழித்துவிடுங்கோ, காரணம் கேட்காதேங்கோ என்று. 33 பேர் பதில் போட்டார்கள். மற்ற எட்டுப் பேரை நான் இன்னும் நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுக்கத் தளத்தைத் துருவினபோது இன்னொன்றும் அகப்பட்டது. முதல் பதிவின் முதல் படம், அப்பா வீட்டு வாசலில் காருக்குள் கூலரை வைக்கிறார். அந்தப் படத்தின் எக்ஸிஃப் தகவலில் எங்கள் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி அப்படியே இருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இது உதிர்ந்துபோகும், அதனால் எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். சொந்தத் தளத்தில் படத்தை அப்படியே நகல் எடுத்துப் போட்டால் உதிராது. அளவைக் குறைத்துத் திரும்பச் சேமிக்கிற கருவிகளில் பெரும்பாலானவை உதிர்த்துவிடும், ஆனால் நம்பாதேங்கோ, ஏற்றின படத்தைத் திரும்ப இறக்கி ஒருதரம் பாருங்கோ. பயணம் போகிற அன்றைக்கே படம் போடாமல் வீடு திரும்பின பிறகு போடுங்கோ என்பது எல்லாரும் சொல்கிறதுதான். வீட்டு விலாசத்தோடு சேர்த்துப் போட்டவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன்.

தளத்தை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஒன்றும் எழுதவில்லை. அப்பாதான் ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்தக் கரடிச் சிலைப் படம் எங்க? மாமி கேக்கிறா" என்றார். வேணாம் என்று சொன்னீர்கள்தானே என்றேன். "அதை வேண்டாம் எண்டனான். கோச்சியை வேண்டாம் எண்டு ஆர் சொன்னது?"

அதனால் திரும்ப எழுதினேன். இந்தத் தரம் பதினாலு பொயின்ட் எழுத்தில் பிரின்ட் எடுத்து, அப்பாவின் கையில் ஒரு பேனையும் கொடுத்தேன். எழுதினவர் பேர் என்ற இடத்தில் இப்போது என் முதல் பேர் மட்டும். பிஸ்கோட்டாசிங்குக்கும் சாப்லோவுக்கும் இடையில் ஒரு படம்தான் இருக்கு, யன்னல் கண்ணாடியில் காடும் அப்பாவின் முகத்தின் ஓரமும். கீழே ஒன்றும் எழுதவில்லை. "சொந்த நாடு" என்று தலைப்பில் வைத்திருந்ததையும் எடுத்துவிட்டேன். அந்த ரயில் பாதை போகிற நிலம் 1850-இன் ராபின்சன்-ஹியூரன் ஒப்பந்தத்தில் தொடங்கி 9-ஆம் ஒப்பந்த நிலத்துக்குள் போகிறது. ஆருடைய சொந்தம் என்று ஒரு தலைப்பில் அடக்குகிற விஷயமாக எனக்குப் படவில்லை, அதைத் தனியாக எழுத இன்னும் வாசிக்க வேணும்.

அப்பா ஒரு மணி நேரம் எடுத்து வாசித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தினார், றகரம் ரகரம். கட்லட் கொடுத்தது தான் இல்லை, அந்தக் கிழவர்கள் கேட்டு வாங்கினவை என்று ஒரு திருத்தம். பிறகு முழுப் பக்கத்திலும் நான் ரயில் என்று எழுதின இடமெல்லாம் சுழித்திருந்தார். பதினேழு இடம்.

"கோச்சி எண்டு போடு," என்றார். "ரயில் எண்டு ஆர் சொல்லுறது?"

மாற்றிவிட்டேன். அடுத்தது கொக்ரேனில் இருந்து மூசனீ போகிற கோச்சி, அந்த ஊருக்கும் ரோட்டுப் பாதை கிடையாது. அம்மாவும் வாறாவாம், கால் நோவு இல்லையாம்.